தாடை, கன்னம், மோவாய்: ஃபேஷியல் காண்டூரிங் சர்ஜரிக்குப் போகிறவர்களுக்கு

முக எலும்பை வெட்டியும் நகர்த்தியும் முகத்தின் வடிவத்தை மாற்றும் ஆபரேஷனுக்குப் பெயர்தான் ஃபேஷியல் காண்டூரிங். அதைத் தேட ஆரம்பித்ததும் முதலில் கண்ணில் படுவது முன்-பின் போட்டோக்கள்தான். இந்தப் பக்கம் அகலமான முகம், அந்தப் பக்கம் ஒடுங்கிய முகம், நடுவில் ஒரு கோடு. எந்த எலும்பை எங்கே அறுத்தார்கள், உதடு எத்தனை மாதம் மரத்துக் கிடந்தது, ஒரு வருஷம் கழித்துக் கன்னம் தொங்கியதா இல்லையா, இது எதையும் அந்தப் படம் சொல்லாது. அந்தக் கோட்டுக்குள் நடப்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். முகத்தில் கத்தி வைக்கிற விஷயம் என்பதால் பொறுமையாகப் படியுங்கள்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். எலும்பைக் குறைக்க முடியும், ஆனால் மேலே இருக்கும் தோலும் கொழுப்பும் தசையும் அதோடு சேர்ந்து குறைந்துவிடாது. தலையணையைச் சின்னதாக்கிவிட்டுப் பழைய உறையையே மாட்டினால் எங்கோ ஓரிடத்தில் சுருங்கித் தொங்கும் இல்லையா, அதே கதைதான். இளம் வயதில் தோல் ஓரளவு தானாக இறுகிக்கொள்ளும், நாற்பதை ஒட்டி வந்துவிட்டால் அந்தச் சலுகை குறைந்துகொண்டே போகும். அதனால் எவ்வளவு எடுக்கலாம் என்பதைவிட எவ்வளவு விட்டுவைக்க வேண்டும் என்று யோசிக்கிற சர்ஜனைத் தேடுங்கள். "முடிந்த அளவு எடுத்துவிடுங்கள் டாக்டர்" என்று நீங்கள் சொல்லும்போது உடனே தலையாட்டுகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுவது நல்லது என்பது என் கருத்து.

முகம் எதனால் அகலமாகத் தெரிகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் ஆபரேஷன் பற்றிப் பேசுவதில் அர்த்தமே இல்லை. எலும்பு காரணமாக இருக்கலாம், மெல்லும் தசை இருக்கலாம், கொழுப்பு இருக்கலாம், காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பி வீங்கியிருக்கலாம், மேல்-கீழ்ப் பல்வரிசை சரியாகப் பொருந்தாமல் இருக்கலாம். பலருக்கு இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தே இருக்கும்.

வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். காதுக்குக் கீழே தாடை திரும்பும் மூலையில் இரண்டு விரல்களை வைத்துப் பற்களை இறுகக் கடியுங்கள். விரலுக்கடியில் ஒரு கட்டி போலப் புடைத்து எழுந்தால் அது மாசெட்டர் என்ற மெல்லும் தசை. கடித்தாலும் தளர்த்தினாலும் அந்த இடம் ஒரே மாதிரி கெட்டியாக இருந்தால் எலும்பின் பங்கு அதிகம். மோவாய்க்குக் கீழே கிள்ளிப் பார்த்தால் கொழுப்பு எவ்வளவு என்று கைக்கே தெரியும். இரவில் பற்களை நறநறவென்று கடிக்கும் பழக்கம் இருந்தால் அந்தத் தசை பருத்திருக்க வாய்ப்பு அதிகம், அதற்கு எலும்பை அறுப்பது தேவையில்லாத வேலை.

அப்புறம், செல்ஃபியை வைத்து முடிவெடுக்காதீர்கள். கை நீட்டும் தூரத்தில், அதாவது சுமார் 30 சென்டிமீட்டரில் எடுக்கும் படத்தில் மூக்கு, ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தைவிடக் கிட்டத்தட்ட 30 சதவீதம் பெரிதாகத் தெரியும் என்று கணக்கிட்டுக் காட்டியிருக்கிறார்கள். லென்ஸுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தள்ளி இருப்பது சிறிதாகவும் விழுகிறது, அவ்வளவுதான். ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து வேறொருவரை எடுக்கச் சொல்லி, நேராக, இரண்டு பக்கமும் முக்கால் கோணத்தில், இரண்டு பக்கமும் முழுப் பக்கவாட்டில் என ஐந்து படங்கள் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்டவும் அதுதான் பயன்படும், பின்னால் ஒப்பிட்டுப் பார்க்கவும் அதுதான் உதவும்.

பல்வரிசை விஷயம் தனி. கீழ்த்தாடை முன்னால் துருத்தியிருந்தாலோ, வாயை மூடும்போது முன்பற்கள் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளி இருந்தாலோ, உங்களுக்கு வேண்டியது காண்டூரிங் இல்லை, தாடையையே நகர்த்தி வைக்கும் ஆர்த்தோக்னாத்திக் சர்ஜரியாக இருக்கலாம். அதில் மாதக்கணக்கில் பல்லுக்குக் கம்பி போடும் வேலையும் சேர்ந்து வரும். கடிப்பில் இருக்கும் கோளாறை அப்படியே விட்டுவிட்டு வெளிவரம்பை மட்டும் சீவினால் முகம் மாறும், பிரச்சனை மாறாது.

கத்தி இல்லாமல் முடியுமா?

சில பேருக்கு முடியும். தசைதான் காரணம் என்றால் மாசெட்டரில் போடாக்ஸ் ஊசி போடுவார்கள். தசை வேலை குறைந்து மெல்ல மெலியும். ஊசி போட்ட மறுநாளே கண்ணாடியைப் பார்க்க வேண்டாம், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிய ஆறு முதல் எட்டு வாரம் ஆகும், பொதுவாக நான்கு முதல் ஆறு மாதம் நிற்கும். மோவாய் உள்ளே போயிருக்கிறது, கன்னம் தட்டையாக இருக்கிறது என்பதற்கு ஹையலூரானிக் அமில ஃபில்லர், அதாவது ஊசியால் உள்ளே நிரப்பும் ஜெல், போடலாம். பிடிக்கவில்லை என்றால் ஹையலூரானிடேஸ் என்ற மருந்தால் அதைக் கரைத்துவிடலாம் என்பது பெரிய வசதி. ஆனால் ஃபில்லரையும் சாதாரணமாக நினைக்க வேண்டாம். அது ரத்தக்குழாய்க்குள் போய்விட்டால் தோல் செத்துப்போகலாம், அரிதாகப் பார்வையே பறிபோகலாம். அழகு நிலையத்தில் யாரோ ஒருவர் கையால் போட்டுக்கொள்கிற விஷயம் இல்லை இது.

நிரந்தர முடிவெடுக்கும் முன் ஃபில்லராலோ போடாக்ஸாலோ ஒரு தடவை ஒத்திகை பார்ப்பது எனக்குப் பிடித்த யோசனை. எலும்பை அறுத்தபின் ஒட்டிக்கொள்ள முடியாது. வளர்ந்த ஆளுக்கு எடுத்த எலும்பு திரும்ப முளைக்காது.

தாடைக் கோணத்தைக் குறைப்பது

சதுரமான தாடையை ஒடுக்குவதற்கான ஆபரேஷன் இது. காதுக்குக் கீழே தாடை வளையும் கோணம் பெரியவர்களுக்குச் சராசரியாக 120 டிகிரிக்குச் சற்று மேலே இருக்கும், சதுரமாகத் தெரியும் தாடையில் அது குறைவு. வாய்க்குள்ளே, கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு வெளியே ஈறும் கன்னமும் சேரும் பள்ளத்தில் கீறி, தசையை எலும்பிலிருந்து விலக்கி, வளைந்த ரம்பத்தால் அந்த மூலையை அறுத்து எடுப்பார்கள். வெளியில் தழும்பு தெரியாது.

இங்கேதான் பலருக்கும் ஏமாற்றம் நடக்கிறது. மூலையை வெட்டினால் மாறுவது பெரும்பாலும் பக்கவாட்டுத் தோற்றம். நேருக்கு நேர் பார்க்கும்போது முகம் ஒடுங்க வேண்டுமானால், தாடை எலும்பின் வெளிப்பக்கத் தகட்டையும் மெல்லிய சீவலாக எடுக்க வேண்டும். கார்ட்டிகல் ஆஸ்டெக்டமி என்று ரிப்போர்ட்டில் எழுதியிருப்பது அதைத்தான். உங்களுக்கு எந்தக் கோணத்தில் மாற்றம் வேண்டும் என்று தெளிவாகச் சொல்லவில்லை என்றால், மாதக்கணக்கில் அவஸ்தைப்பட்டு எல்லாம் ஆறியபின் கண்ணாடி முன்னால் நின்று "ஒன்றுமே மாறலையே" என்று நினைக்க வேண்டிவரும்.

இன்னொரு பக்கம், காதுக்குக் கீழே கோணமே இல்லாத அளவுக்கு வெட்டிவிட்டால் தாடை காதிலிருந்து நேராக மோவாய்க்குச் சரிந்து இறங்கும். பக்கத்திலிருந்து பார்க்க இயற்கையாகவே இருக்காது. வெட்டை நீண்ட வளைவாகக் கொண்டுபோகாமல் மூலையை மட்டும் நேர்க்கோட்டில் நறுக்கினால், வெட்டு முடிகிற இடத்தில் முன்னால் இரண்டாவதாக ஒரு மூலை துருத்திக்கொண்டு வரும். செகண்ட் ஆங்கிள் என்பார்கள், ரிவிஷனுக்கு, அதாவது திரும்பச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு, வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் இது முக்கியமானது.

நரம்புதான் இங்கே பெரிய கவலை. கீழ்த்தாடை எலும்புக்குள்ளேயே ஒரு குழாய் ஓடுகிறது, அதில் போகும் நரம்பு கீழ் முன்கடைவாய்ப் பற்களின் வேருக்குக் கீழே ஒரு துளை வழியாக வெளியே வந்து கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கிறது. அந்தக் குழாய் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு உயரத்தில் ஓடும். சி.டி. ஸ்கேனில் அதை அளந்து பார்க்காமல் எவ்வளவு வெட்டலாம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஸ்கேன் எடுக்காமலேயே மில்லிமீட்டர் கணக்கு சொல்கிறவர் சும்மா சொல்கிறார்.

கன்ன எலும்பு

இதை நான் இருப்பதிலேயே கடினமானதாக நினைக்கிறேன், விளம்பரங்களில் மிக லேசாகச் சொல்லப்படுவதும் இதுதான். கன்ன எலும்பின் முன்பகுதியில் வாய்க்குள் வழியாக எல் வடிவத்தில் ஒரு வெட்டு, காதுக்கு முன்னால் கிருதா முடிக்குள் மறைகிற மாதிரி ஒரு சின்னக் கீறல் வழியாக, கன்ன எலும்பு காதை நோக்கிப் போகும் வளைவின் பின்பகுதியில் இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவிலுள்ள துண்டை உள்பக்கமாகவும் சற்றுப் பின்னாலும் தள்ளி, டைட்டானியம் தகடும் ஸ்குரூவும் வைத்து இறுக்குவார்கள்.

இந்த இறுக்குதலில் யாரும் கஞ்சத்தனம் பண்ணக்கூடாது. மாசெட்டர் தசை தொடங்குவதே கன்ன எலும்பின் கீழ்விளிம்பில்தான். ஒவ்வொரு முறை மெல்லும்போதும் அது அந்தத் துண்டைக் கீழே இழுக்கும். பிடிமானம் போதவில்லை என்றால் எலும்பு சேராமலே நின்றுவிடும், வாயைத் திறந்து மூடும்போது கிளிக் கிளிக்கென்று சத்தம் வரும், கன்னமும் இறங்கும். சில முறைகளில் பின்பகுதியைத் தகடு போடாமல் உள்ளே மடக்கி மட்டும் விடுவார்கள். உங்களுக்கு எத்தனை இடத்தில் தகடு வைப்பார்கள் என்று நேரடியாகக் கேளுங்கள். வளைவை அளவுக்கு மீறி உள்ளே தள்ளினால் அதற்கடியில் இருக்கும் தசையிலும் கீழ்த்தாடையின் மேல்முனையிலும் இடித்து வாய் முழுசாகத் திறக்காமல் போகலாம், இதையும் கேட்டு வையுங்கள்.

கன்னம் தொங்குவதற்கு இரண்டாவது காரணமும் உண்டு. கன்னச் சதையை எலும்போடு பிடித்து வைத்திருக்கும் தசைநார்கள் இந்த இடத்தில்தான் இருக்கின்றன. எலும்பைப் பார்ப்பதற்காக அவற்றைப் பெரிய பரப்பில் உரித்துவிட்டால் சதை பழைய இடத்தில் ஒட்டாமல் கீழே வந்து சேரும். தேவையான அளவுக்கு மட்டும் உரிப்பது, முடிக்கும்போது சதையை மேலே இழுத்துத் தைப்பது, இதெல்லாம் கை பழகிய சர்ஜனின் வேலை. ஏற்கெனவே முகச்சதை கனமாக இருப்பவர்களும் தோல் தளர்ந்தவர்களும் இந்த ஆபரேஷனை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

மோவாய்

மோவாய் எலும்பில் செய்யும் ஆபரேஷனுக்குப் பெயர் ஜீனியோபிளாஸ்டி. இதில் எலும்பை வெளியே எடுத்துப் போடுவதைவிட அறுத்து நகர்த்தி வைப்பதுதான் பெரும்பாலும் நடக்கும், முன்னால், பின்னால், மேலே, கீழே, பக்கவாட்டில் என்று எந்தத் திசையிலும். 1942இல் ஹோஃபர் என்ற சர்ஜன் இந்த வெட்டை விவரித்தபோது வெளித்தோல் வழியாகவே சொன்னார், 1957இல் ட்ரவ்னரும் ஓப்வெகெசரும் வாய்க்குள் வழியாகச் செய்யலாம் என்று காட்டிய பிறகுதான் தழும்புத் தொல்லை ஒழிந்தது. வெட்டு, நரம்பு வெளியே வரும் துளைக்குக் குறைந்தது 5, 6 மில்லிமீட்டர் கீழே போக வேண்டும், ஏனென்றால் அந்த நரம்பு வெளியே வருவதற்கு முன் எலும்புக்குள் சற்றுக் கீழே இறங்கி வளைந்துதான் மேலேறும்.

மோவாயை முன்னால் நகர்த்தும்போது மேலிருக்கும் சதையும் ஏறக்குறைய அதே அளவு கூடவே வரும், கழுத்துத் தசைகளும் முன்னால் இழுபடுவதால் மோவாய்க்குக் கீழே ஒரு இறுக்கம் கிடைக்கும். அதனால் கணிப்பு ஓரளவு சரியாக இருக்கும், ஆட்களும் திருப்தியாக இருப்பார்கள். பின்னால் தள்ளும்போது இப்படி நம்ப முடியாது, சதை மிஞ்சி கழுத்துப் பக்கம் திரளும். மோவாயை ஒடுக்க வேண்டுமானால் நடுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு இரண்டு பக்கத்தையும் நடுவில் சேர்ப்பார்கள். தாடைக் கோணமும் மோவாயும் சேர்த்துச் செய்வதைத்தான் வி-லைன் என்ற பெயரில் விற்கிறார்கள்.

முடிக்கும்போது மோவாய்த் தசையைச் சரியாகத் திரும்பத் தைக்கவில்லை என்றால் மோவாய்ச் சதை தொங்கும், கீழுதடு இறங்கி கீழ்ப்பல் வெளியே தெரியும். சிலிக்கான் இம்ப்ளான்ட் வைப்பது இதைவிடச் சுருக்கமான ஆபரேஷன், வேண்டாமென்றால் எடுத்துவிடவும் முடியும். ஆனால் நகரலாம், கிருமி தொற்றலாம், வருஷங்கள் போகப்போக அடியிலிருக்கும் எலும்பை மெல்ல அரிக்கலாம்.

நெற்றி, கொழுப்பு இத்யாதி

புருவ மேட்டைக் குறைப்பதில் பார்க்க வேண்டியது ஃப்ரான்டல் சைனஸ், அதாவது நெற்றி எலும்புக்குள் இருக்கும் காற்றறை. அதன் முன்சுவர் தடிமனாக இருந்தால் தேய்த்தாலே போதும், மெல்லியதாக இருந்தால் சுவரைத் தனியாக எடுத்துப் பின்னால் தள்ளி வைக்க வேண்டும். 1987இல் ஊஸ்டர்ஹவுட் என்ற சர்ஜன் எழுதிய வகைப்பாட்டை வைத்துத்தான் இன்றும் இதைப் பேசுகிறார்கள்.

கன்னத்துக்குள்ளிருக்கும் பக்கல் கொழுப்பை எடுப்பது ஒரு கட்டத்தில் பெரிய மோகமாகக் கிளம்பியது. வாய்க்குள் சின்னக் கீறல், வெகு நேரம் ஆகாது, ஆகவே ஆபத்தே இல்லை என்று தோன்றும். அந்தக் கொழுப்பின் மேலேயே முக நரம்பின் கிளைகளும், மேல் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே வந்து திறக்கும் உமிழ்நீர்க் குழாயும் போகின்றன. அதைவிடப் பெரிய விஷயம் வயது. வயதாக ஆக முகத்தில் கொழுப்பு தானாகவே குறையும். இருபத்தைந்தில் எடுத்துவிட்டு நாற்பத்தைந்தில் குழி விழுந்த கன்னத்தோடு கொழுப்பை நிரப்பச் சொல்லி வருகிறவர்கள் உண்டு. உண்மையிலேயே உருண்டைக் கன்னம் இருப்பவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

உடம்பின் வேறொரு இடத்திலிருந்து கொழுப்பை எடுத்து முகத்தில் நிரப்புவது நல்ல துணைச் சிகிச்சை. போட்டதில் ஒரு பங்கு கரைந்துதான் போகும், மிஞ்சியது நிலைக்க மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். எடை ஏறினால் அதுவும் பருக்கும்.

சர்ஜனைப் பார்க்கும்போது

பிளாஸ்டிக் சர்ஜனோ, தாடை-முக எலும்பைப் பார்க்கும் மேக்சில்லோஃபேஷியல் சர்ஜனோ, பட்டம் எதுவானாலும் முக எலும்பு வேலையில் பழகியவரா என்பதைப் பாருங்கள். மூக்கும் கண்ணிமையும் பிரமாதமாகச் செய்கிறவருக்குக் கன்ன எலும்பு பழக்கமில்லாமல் இருக்கலாம். உங்கள் சி.டி. படத்தைத் திரையில் வைத்து நரம்பு எங்கே போகிறது, எத்தனை மில்லிமீட்டர் எடுக்கப் போகிறார், அப்புறம் எவ்வளவு மீதமிருக்கும் என்று காட்டச் சொல்லுங்கள். ஒரு வருஷம் கழித்து எடுத்த படங்கள் இருந்தால் பாருங்கள். ஒரு மாதத்தில் எடுத்த படத்தில் வீக்கம்தான் தோலைத் தாங்கிப் பிடித்திருக்கும், தொய்வு அப்போது வெளியே தெரியாது. எலும்பை மட்டும் வெட்டும் அல்ட்ராசவுண்ட் கருவி, முன்கூட்டியே கம்ப்யூட்டரில் திட்டமிட்டு அச்சிட்ட வெட்டு வழிகாட்டி எல்லாம் இருந்தால் நல்லதுதான். இல்லாததாலேயே ஒரு நல்ல சர்ஜனை ஒதுக்கிவிடவும் வேண்டாம்.

மயக்க மருந்து யார் கொடுப்பார், ராத்திரி யார் பார்த்துக்கொள்வார், திடீரென்று ரத்தம் கட்டினால் அங்கேயே திரும்ப ஆபரேஷன் செய்ய முடியுமா? வேறு எதைக் கேட்க மறந்தாலும் இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காதீர்கள்.

வளர்ச்சி முடியாத வயதில் எலும்பைத் தொடக்கூடாது, பதினெட்டுக்குப் பிறகும் சில ஆண்களுக்குத் தாடை வளர்ந்துகொண்டிருக்கும். கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், ரத்தம் உறைவதில் கோளாறு, எலும்புத் தேய்மானத்துக்கான பிஸ்பாஸ்போனேட் மருந்து, இவை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. மற்றவர்களுக்குத் தெரியவே தெரியாத ஒரு குறையை நினைத்து நாளில் பல மணி நேரம் கண்ணாடி முன் கழிகிறது, வெளியே போகவே பிடிக்கவில்லை என்றால் அது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸார்டராக இருக்கலாம். அதற்கு மனநல மருத்துவரிடம் நல்ல சிகிச்சை இருக்கிறது. கத்தி அதைத் தீர்ப்பதில்லை, குறை இன்னொரு இடத்துக்கு மாறும், அவ்வளவுதான்.

தயாராவது

புகை பிடிப்பவர் என்றால் முன்னால் நான்கு வாரம், பின்னால் நான்கு வாரம் முழுசாக நிறுத்த வேண்டும், வேப் என்ற மின்சிகரெட்டும் சேர்த்துத்தான். நிகோடின் ரத்தக்குழாயைச் சுருக்கும், வாய்க்குள் தையல் பிரியும், எலும்பு சேரத் தாமதமாகும். ஆஸ்பிரின், மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, ஜிங்கோ போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டக்கூடும், எல்லாவற்றையும் ஒரு பட்டியலாக எழுதிக் கொடுங்கள். ஆனால் இதயத்துக்கென்று டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். சொத்தைப் பல்லையும் ஈறு வீக்கத்தையும் முன்பே சரிசெய்யுங்கள், கீறல் வாய்க்குள்தானே போகப் போகிறது. புதைந்த ஞானப்பல் இருந்தால் அதையும் முதலிலேயே பேசிவிடுங்கள். ஆபரேஷனுக்கு முன் திட உணவு 6 மணி நேரம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் நிறுத்தச் சொல்வது வழக்கம், உங்கள் மருத்துவமனை சொல்கிற நேரத்தைக் கறாராகக் கடைப்பிடியுங்கள்.

மயக்கம் முழு மயக்கம்தான். மூச்சுவிடுவதற்கான பிளாஸ்டிக் குழாயைப் பெரும்பாலும் வாய் வழியாக விடாமல் மூக்கு வழியாக விடுவார்கள், அதனால் எழுந்ததும் தொண்டை எரியும், மூக்கில் கொஞ்சம் ரத்தம் வரும், பயப்பட வேண்டாம்.

ஆறும் காலம்

முதல் இரவு கஷ்டமானது. முகம் இறுகக் கட்டியிருக்கும், மூக்கடைப்பு, வாயில் ரத்தமும் எச்சிலும், கசிவை வெளியேற்றும் குழாய் ஒன்று தொங்கிக்கொண்டிருக்கலாம், ஓரிரு நாளில் அதை எடுத்துவிடுவார்கள். வலி பலரும் பயந்த அளவுக்கு இருப்பதில்லை, அசௌகரியம்தான் அதிகம். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி மல்லாந்து படுக்க வேண்டும், குறைந்தது இரண்டு வாரம். முதல் 48 மணி நேரம் குளிர் ஒத்தடம், துணி சுற்றி, விட்டுவிட்டு. தோல் மரத்திருப்பதால் ஐஸ் சுட்டாலும் உங்களுக்குத் தெரியாது, கவனம். இளம் சூட்டு ஒத்தடத்தை அதற்கப்புறம் டாக்டரைக் கேட்டு ஆரம்பியுங்கள்.

வீக்கம் இரண்டாவது மூன்றாவது நாளில்தான் உச்சத்துக்குப் போகும். வீட்டுக்கு வந்த பிறகு முகம் இன்னும் பெரிதாகிக்கொண்டே போகிறதே என்று பதறுகிறவர்கள் நிறையப் பேர், இது எதிர்பார்க்க வேண்டியதுதான். கன்றிய நீலம் மெல்லக் கீழிறங்கிக் கழுத்துக்கும் மார்புக்கும் வந்து மஞ்சளாகி இரண்டு வாரத்தில் மறையும். ஒரு பக்கம் இன்னொரு பக்கத்தைவிட வீங்கியிருப்பதும் சகஜம். மனசும் இந்த நாட்களில் சோர்ந்துபோகும், ஏன் செய்துகொண்டோம் என்ற நினைப்பு முதல் இரண்டு வாரத்தில் வருவது அபூர்வமில்லை, அந்த நேரத்தில் கண்ணாடியைக் குறைவாகப் பாருங்கள், ஆன்லைனில் மற்றவர்களின் பத்தாம் நாள் படத்தோடு உங்கள் பத்தாம் நாளை ஒப்பிடாதீர்கள்.

சாப்பாடு முதல் சில நாட்கள் திரவம் மட்டும், அப்புறம் இரண்டு வாரம் வரை மெல்லவே தேவையில்லாத மசித்த உணவு, ஆறு வாரம் வரை கடினமானது எதுவும் வேண்டாம். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சாமல் கோப்பையிலோ கரண்டியிலோ குடியுங்கள், உறிஞ்சும் இழுப்பு தையலைத் தொந்தரவு செய்யும். உதடு மரத்திருக்கும்போது சூடான எதையும் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டே வாயில் வையுங்கள், சுட்டது தெரியாமலே கொப்புளம் வந்துவிடும். புரதம் போதுமான அளவுக்குப் போகிறதா என்று பாருங்கள், இரண்டு வாரத்தில் எடை இறங்கிவிடுவது வழக்கம், அந்த ஒல்லி முகத்தைச் சிகிச்சையின் பலன் என்று கணக்கில் எழுதிவிட வேண்டாம்.

வாயைச் சுத்தமாக வைத்திருப்பதில்தான் பாதி வெற்றி. ஒவ்வொரு தடவை சாப்பிட்ட பிறகும் கொப்பளிக்க வேண்டும், டாக்டர் எழுதித் தரும் குளோர்ஹெக்சிடினை அதிக நாள் பயன்படுத்தினால் பல்லில் பழுப்புக் கறை படியும், ஆகவே சொன்ன நாளோடு நிறுத்துங்கள். குழந்தைகளுக்கான சின்ன பிரஷ் நல்ல உதவி. வாய்க்குள் போட்ட தையல் பெரும்பாலும் தானே கரைந்து விழும் வகைதான். கன்ன எலும்பு ஆபரேஷன் என்றால் மூக்குக்குப் பக்கத்திலுள்ள சைனஸ் காற்றறை திறந்திருக்கக்கூடும், இரண்டு வாரத்துக்கு மூக்கைச் சிந்தாதீர்கள், தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள்.

மறுநாளிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வேண்டும், காலில் ரத்தம் உறையாமல் இருக்க. உட்கார்ந்து செய்யும் வேலைக்குப் பெரும்பாலோர் இரண்டு வாரத்தில் திரும்புகிறார்கள். ஓட்டம், பாரம் தூக்குவதெல்லாம் நான்கிலிருந்து ஆறு வாரம் கழித்து. முகத்தில் அடிபடக்கூடிய விளையாட்டு மூன்று மாதத்துக்கு வேண்டாம், எலும்பு சேர ஆறு எட்டு வாரம் ஆனாலும் உறுதிப்பட இன்னும் நாள் பிடிக்கும். டாக்டர் சரி என்றதும், சுமார் இரண்டு வாரத்துக்குப் பிறகு, வாய் திறக்கும் பயிற்சியை ஆரம்பியுங்கள். உங்கள் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி முன்பற்களுக்கு நடுவில் வைக்க முடிந்தால் சுமார் 40 மில்லிமீட்டர், அதுதான் இலக்கு. சோம்பலில் விட்டுவிட்டால் தசை இறுகிப்போகும்.

மரத்துப்போவது பற்றிப் பலருக்கும் போதுமான அளவுக்குச் சொல்லப்படுவதில்லை. கீழுதடும் மோவாயும் வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் மரத்திருக்கும். திரும்பி வரும்போது எறும்பு ஊர்வது மாதிரியும் ஊசி குத்துவது மாதிரியும் இருக்கும், அது நல்ல அறிகுறி. ஒரு வருஷத்துக்குப் பிறகும் மீதமிருந்தால் அது நிரந்தரமாக இருக்க வாய்ப்பு அதிகம், சிலருக்கு அப்படி நின்றுவிடுவதும் உண்டு. உணர்ச்சி குறைவது வேறு, அசைவு குறைவது வேறு. சிரிக்கும்போது உதடு ஒரு பக்கம் இறங்காமல் நின்றாலோ, புருவத்தை உயர்த்த முடியாமல் போனாலோ, அது முக நரம்பின் கிளை. பெரும்பாலும் திரும்பிவிடும் என்றாலும் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள்: ஒரு பக்கம் மட்டும் திடீரென்று வேகமாக வீங்கி இறுகுவது, மூச்சுவிடவோ விழுங்கவோ கஷ்டப்படுவது, நிற்காத ரத்தம், பார்வை மங்குவது, 38.5 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல், சீழ், வாயில் கெட்ட நாற்றம், கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், முன்பு பொருந்திய பற்கள் திடீரென்று பொருந்தாமல் போவது. கடைசியாகச் சொன்னது தாடையில் விரிசல் விட்டதற்கான அடையாளமாக இருக்கலாம். மூச்சுத்திணறல் என்றால் யாருக்கும் போன் பண்ணிக்கொண்டிருக்காமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

பலனை எப்போது பார்ப்பது?

இரண்டு வாரத்தில் பெரிய வீக்கம் வடியும், ஒரு மாதத்தில் வெளியாட்களுக்கு வீக்கம் தெரியாத அளவுக்கு வந்துவிடும், மூன்றாவது மாதத்தில் வடிவம் ஓரளவு பிடிபடும், கடைசி வடிவத்துக்கு ஆறு மாதம் முதல் ஒரு வருஷம். தொய்வு இருந்தால் அதுவும் இந்த மூன்று-ஆறு மாத இடைவெளியில்தான் எட்டிப்பார்க்கும். அதற்குக் கொழுப்பு நிரப்புவது, நூல் போட்டுத் தூக்குவது, தேவைப்பட்டால் ஃபேஸ்லிஃப்ட் என்று வழிகள் உண்டு, நூலின் பலன் நிரந்தரமில்லை. அளவுக்கு மீறி வெட்டிய எலும்புக்கு சி.டி. படத்தை வைத்து அந்த ஆளுக்கென்றே அச்சிட்ட, பீக் என்ற உறுதியான பிளாஸ்டிக்கால் ஆன இம்ப்ளான்ட் வைக்கலாம், ஆனால் அது முதல் ஆபரேஷனைவிடச் சிக்கலானது. எந்த ரிவிஷனும் குறைந்தது ஆறு மாதம் கழித்துத்தான், ஒரு வருஷம் காத்திருந்தால் இன்னும் நல்லது. இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல வராது, ஆபரேஷனுக்கு முன் எடுத்த படத்தை உற்றுப் பார்த்தால் அப்போதும் ஒன்றுபோல இருந்திருக்காது.

தகடு, ஸ்குரூ எடுக்கணுமா என்று எல்லாரும் கேட்பார்கள். டைட்டானியம் உடம்புக்கு ஒத்துப்போகும், தொந்தரவு இல்லையென்றால் அப்படியே இருக்கலாம், எம்.ஆர்.ஐ. எடுக்கவும் பொதுவாகத் தடையில்லை. கைக்குத் தட்டுப்படுகிறது, குளிரில் வலிக்கிறது, தொற்று வந்துவிட்டது என்றால் எலும்பு சேர்ந்தபின் எடுப்பார்கள். எடுப்பதானால் வருஷக்கணக்கில் தள்ளிப்போடாதீர்கள், எலும்பு ஸ்குரூவின் மேல் வளர்ந்து மூடிவிட்டால் வேலை கடினம். எடுத்தாலும் விட்டாலும் ஆபரேஷன் குறிப்பு, முன்னும் பின்னும் எடுத்த சி.டி. படங்கள், தகட்டின் விவரச் சீட்டு மூன்றையும் மருத்துவமனையிலிருந்து கேட்டு வாங்கி வையுங்கள். பின்னால் பல் இம்ப்ளான்ட் வைக்கப் போனால்கூட அந்த டாக்டர் முதலில் கேட்பது இதைத்தான்.